உள்ளங்கைப் படங்கள்

கார்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேமரா மரியாதையாகத்தான் கேட்டது. சின்ன மாப்பிள்ளையின் கட்டைவிரல் ‘ஆம்’ என்றது. மூளை வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

கட்டைவிரல்மேல் முழுப்பழியையும் போட முடியாது. இருபத்திரண்டு வருஷமாக அது தினம் காலையில் செய்துவரும் வேலை அதுதான். அவர் கட்டடக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் விரிசல்களைப் படமெடுப்பவர். சுவரோ தூணோ கூரையோ, எதில் விரிசல் விட்டாலும் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் படமெடுத்து, இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டிவிட வேண்டும். நேற்றைய விரிசலும் இன்றைய விரிசலும் கலந்துபோனால் யார் வீடு இடியப்போகிறது என்று தெரியாமல் போய்விடும். அதனால் கேமராவைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாகக் கார்டைக் காலிசெய்ய வேண்டும் என்பது அலுவலக விதி. விரல் விதியைக் கடைப்பிடித்தது, அவ்வளவுதான்.

என்ன, அன்று கையில் இருந்தது அலுவலகக் கேமரா இல்லை. செத்துப்போன சகலையின் கேமரா.

மனைவியின் அக்கா வீட்டு வரவேற்பறையில், வெயில் அடிக்கிற மத்தியானத்தில், சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கேமரா பையை மடியில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நூலக மாடியில் சகலையின் படங்களைக் கண்காட்சியாக வைக்க அவர் உயிரோடு இருந்தபோதே தேதி குறித்திருந்தார்கள். ஆள் போய் ஏழு வாரம் ஆகிறது, ஆனாலும் அது நடக்க வேண்டும். பன்னிரண்டு படம் கேட்டிருக்கிறார்கள். பதினொன்று முடிந்தது, ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பதினொன்றும் இந்தக் கார்டில்தான் இருக்கின்றன, வேறு எங்கும் ஏற்றி வைக்கவில்லை.

அக்கா டீயோடு வந்தாள். “படமெல்லாம் சரியா இருக்கா தம்பி?”

“பிரமாதம்” என்றார் சின்ன மாப்பிள்ளை.

காலியான திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், ரொம்பச் சின்னதாக, ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்துவிட்டு ஓடி ஒளிந்தது. அது ஓடியதை அவரும் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கதை உண்டு.

சகலைக்கு, அதாவது அந்த வீட்டுப் பெரிய மாப்பிள்ளைக்கு, தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவார். அவர் கையில் எப்போதும் கிராம்புத் தைல வாசனை அடிக்கும். மெழுகு விளக்கில் சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று வலது உள்ளங்கையில், ஆசிரியர் ‘சரி’ போட்ட மாதிரி இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதர் ஒரு கேமரா வாங்கினார். அதே சுவர்களுக்குப் போனார், அதே தூண்களைப் படமெடுத்தார். ஸ்கேல் மட்டும் வைக்கவில்லை.

ஸ்கேலை எடுத்துவிட்டால் கலையாம்.

உரிந்த பெயிண்ட், ஷட்டரின் துரு, சாக்கடை மூடியின் நிழல் எல்லாம் சட்டம் போட்டுச் சுவரில் ஏறின. சுவரைப் படமெடுத்துச் சுவரிலேயே மாட்டுகிறார்கள், ஒரு ஆணி மிச்சம் என்று சின்ன மாப்பிள்ளை கேலி பேசிப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, பெரிய மாப்பிள்ளையின் அடுத்த படம் எங்கே என்று கேட்டார்கள். மாமனார் சாப்பாட்டு மேஜையில் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்: “சின்னவரும் படம்தான் எடுக்கிறார். ஆனா அது ஆபீஸ் விஷயம்.” அந்த ‘ஆனா’ தொண்டையில் மாட்டி, தண்ணீர் குடித்தாலும் இறங்காது.

என் படம் நன்றாக இருக்கிறதா, அவர் படம் நன்றாக இருக்கிறதா என்று மனைவியிடம் ஒருநாள் நேராகவே கேட்டார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறது என்று அவள் எழுந்து போய்விட்டாள். அந்த வீட்டுப் பெண்களிடம் நேரான பதிலை வாங்குவதைவிட, சுவரிடமிருந்து வாங்குவது சுலபம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அழிந்த படங்களை மீட்டெடுக்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். பதினொரு கோப்புகள் கிடைத்தன. பதினொன்றும் கறுப்பு.

அது என்ன என்று அவருக்குத் தெரியும். சகலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்தில் படமெடுத்து முடித்ததும் லென்ஸின்மேல் உள்ளங்கையைப் பொத்தி, ஒரு தடவை கிளிக் செய்வார். இந்த இடம் முடிந்தது, அடுத்து வருவது வேறு இடம் என்று பிரித்துக்கொள்ள அந்தக் கறுப்புப் படம். சுவருக்கு டாட்டா காட்டுகிறீர்களா என்று இவர் ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறார்.

“இல்ல சகலை. கண்ணை மூடிவிடறேன்” என்றார் அவர். “பார்த்தது போதும்னு.”

படங்கள் போய்விட்டன, மூடிய கண்கள் மட்டும் மிச்சம்.

கேமரா பையின் பக்கப் பையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் இடம், நேரம், உயரம் எல்லாம் பல்லுக்கு அளவெடுத்த சுத்தத்தில் சகலை குறித்திருந்தார். ‘பேருந்து நிலையம். மூன்றாம் தூண். நாலு மணி. முழங்கால் உயரம்.’ இப்படிப் பதினொன்று. பக்கம் புரளப் புரள எழுத்து பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு பக்கத்துக்கு மூன்றே வரிதான். பெயர் பெருகப் பெருக எழுத்தும் பெருத்திருக்கிறது பார் என்று சின்ன மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் வழி கிடைத்துவிட்டது. அதே கேமரா, அதே இடம், அதே நேரம். பதினொன்றையும் தானே எடுத்துவிடுவது. சுவர் எங்கே ஓடிவிடப்போகிறது? அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் வாழ்க்கையில் மிச்சமிருப்பது அந்தப் பதினொன்றுதான். அதையும் சகலைக்காரன் ஒருத்தன் துடைத்துப்போட்டான் என்று அவளிடம் சொல்ல இவருக்கு வாய் வராது.

மறுநாள் நாலு மணிக்குப் பேருந்து நிலையத்தின் மூன்றாம் தூணுக்கு முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். தூணில் ஒன்றும் இல்லை. ஆட்கள் சாய்ந்து சாய்ந்து தேய்ந்த பெயிண்ட், ஒரு பழைய துப்பல், அவ்வளவுதான். விரிசல்கூட இல்லை. இதில் என்னத்தைப் பார்த்தார் அந்த மனிதர் என்று முனகிக்கொண்டே வலது கண்ணைக் கேமராவில் வைத்தார்.

வைத்ததும் தெரிந்தது.

மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை. மேலிருந்து பார்க்கிற ஆறு ஒன்று கடலில் கலக்கிற இடம் மாதிரி, பெயிண்டின் ஓரம் வெயிலில் மினுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். ஒரு கிளிக்.

எழுந்து நடக்கும்போது இன்னொரு கிளிக் கேட்டது.

விரல் பட்டிருக்கும் என்று நினைத்தார். காற்றில் லேசாகக் கிராம்பு வாசம் வந்தது. பேருந்து நிலையத்தில் வராத வாசனையா என்றும் நினைத்தார். நினைப்பதற்கு ஆளுக்கு உரிமை உண்டல்லவா?

இரண்டு வாரம் அலுவலகம் முடிந்ததும் அலைந்தார். மூடிய கடையின் ஷட்டர், மருத்துவமனைப் பின்சுவரில் குழாய் ஒழுகிய துரு, சாலையில் பாதி அழிந்த வெள்ளைக்கோடு. கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய்க் கறைக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தபோது காவலாளி வந்து நின்றார்.

“என்ன சார், தரைக்குப் பாஸ்போர்ட் போட்டோவா?”

“ஆமா, வெளியூர் போகுதாம்” என்றார் இவர்.

காவலாளி சிரிக்கவில்லை. இவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்து, “சரி, ரெண்டு பேரும் சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்புங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. பதினொரு படமும் ஒன்றையொன்று தூக்கிச் சாப்பிடுகிற அழகு. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்றுகூட அவர் எடுத்ததில்லை. முதலில் நெஞ்சு விம்மியது. அடுத்த நிமிஷமே ஒரு நினைப்பு வந்து குந்தியது: இதையெல்லாம் அவர் பெயரில் அல்லவா மாட்டப்போகிறார்கள்? செத்தபிறகும் கைதட்டல் அந்தப் பக்கம்தானா? தான் எடுத்த படத்தைப் பார்த்துத் தானே வயிறெரிந்த முதல் மனிதன் அவராகத்தான் இருப்பார்.

பிறகுதான் எண்ணிக்கையைக் கவனித்தார். கார்டில் இருந்தவை இருபத்திரண்டு.

ஒவ்வொரு படத்துக்கும் அடுத்தது ஒரு கறுப்பு.

அவர் எதையும் பொத்தவில்லை. பொத்தும் பழக்கமே அவருக்குக் கிடையாது. முதல் கறுப்பைத் திறந்து, திரையில் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஸ்லைடரை மெதுவாக இழுத்தார். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, கோடுகள் எழுந்தன. ரேகைகள்.

நடுவில் ஒரு ‘சரி’.

வாஷிங் மெஷின் நின்றது.

இரண்டாவதைத் திறந்தார். அதே கை. மூன்றாவதில் கை லென்ஸிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. ஐந்தாவதில் விரல்கள் பிரிந்திருந்தன. எட்டாவதில் விரலிடுக்கு வழியாக ஏதோ ஈரமாக மினுங்கியது. வெளிச்சத்தை இன்னும் கூட்டினார்.

கண்.

வலது கண். இமைமேல் மச்சம்.

அவருடைய கண்.

நாற்காலியில் சாய்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரனாக யோசித்துப் பார்த்தார். படமெடுக்கும்போது அந்தக் கண் கேமராவோடு ஒட்டியிருந்தது. வெளியே நிற்கிற யாருக்கும் அது தெரியாது. அதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் கேமராவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதினொன்றாவதைத் திறக்கவில்லை.

மனைவி ஈரத்துணிக் கூடையோடு வந்து எட்டிப்பார்த்தாள். இது யார் கை என்று கேட்டார். அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் வெளிறியது. துணியை உடனே உலர்த்தாவிட்டால் வாடை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். சின்ன மாப்பிள்ளை படங்களைப் பிரிண்ட் போடக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மனுஷன் போறதுக்கு முன்னாடி உச்சத்துக்குப் போயிட்டார் சார் என்று உருகினார். கீழே ஒட்டும் சீட்டில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார்.

சின்ன மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வந்தது தன்னுடைய பெயர்.

பொய் ஒன்றும் இல்லையே. முழங்கால் யாருடையது? விரல் யாருடையது? எடுத்தது நான்தானே? வீடு வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் விழுந்தது. கண்ணாடியைத் துடைத்தார், போகவில்லை. அவர் கண்ணாடி போடுவதே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் நிழல் மூன்றாக, நான்காகப் பிரிந்தது. வரிசையாக, நீளமாக, நுனி உருண்டு இருந்தன.

கண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார். இறங்கச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

“கண்ணுல ஒண்ணும் இல்ல. கண்ணுக்கு முன்னாடிதான் ஏதோ இருக்கும்போல” என்று சிரித்தார். முன்னால் என்றால் என்ன என்று இவர் கேட்டதற்கு நன்றாகத் தூங்குங்கள் என்றார். பிறகு சீட்டில் தொழில், விரிசல்களைப் படமெடுப்பது என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பல் செட் செய்பவர் உங்களுக்குச் சொந்தமா என்று விசாரித்தார். அவர் நாலரை வருஷமாக இங்கேதான் வந்துகொண்டிருந்தாராம். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே போனதாம். கடைசியில் ஒரு சாண் தூரம்வரைதான் தெரியுமாம். தூரத்தில் ஆள் வந்தால் கறைதான், மரம் கறைதான். அதனால்தான் சுவருக்குக் கிட்டத்தில் போய்ப் படமெடுத்தாராம்.

எழுத்து ஏன் பெருத்தது என்று இவருக்கு அப்போது விளங்கியது.

“ஒரு சகலை உண்டுன்னு சொல்லிட்டே இருப்பார்” என்றார் டாக்டர். “மில்லிமீட்டர் விரிசலைத் தெருவுல இருந்தே பார்த்துடுவானாம். ‘அந்தக் கண்ணு எனக்கு இருந்தா’ன்னு சொல்லுவார். பேச்சுக்குத்தான். ஆனா ரொம்பத் தடவை சொன்னார்.”

வராந்தாவில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் சின்ன மாப்பிள்ளை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது. நாலு வருஷமாக அந்த மனிதர்மேல் கண் வைத்துக்கொண்டிருந்தோம். அவரும் நம்மேல், அதுவும் நம் கண்மேலேயே, கண் வைத்திருந்திருக்கிறார். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறோம். ஒருநாளாவது ஒரு டீ குடித்துக்கொண்டே இதைப் பேசியிருக்கலாம்.

சீட்டையெல்லாம் கிழித்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். உண்மையாகத்தான் முடிவு செய்தார். அக்கா ஒருமுறை பார்த்துவிடட்டும், அப்புறம் கிழிக்கலாம். ஒரே ஒரு முறைதான்.

பன்னிரண்டாவது பாக்கி இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில், பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு எழுதியிருந்தது: ‘வீடு. பின்னறை. மேற்குச் சுவர். நாலு மணி. சகலை வரும்போது.’

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா கதவைத் திறந்தாள். பின்னறையில் அவருடைய வேலை மேஜை அப்படியே கிடந்தது. தட்டு நிறைய முடியாத பல் செட்டுகள், எல்லாம் சேர்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன. மெழுகு விளக்கு அணைந்து ஒன்பது பத்து வாரம் இருக்கும். அறையில் மெழுகு உருகுகிற வாசனை அடித்தது.

படங்களைக் கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெயர்ச் சீட்டில் விரலை வைத்து நின்றாள். இவர் எல்லாவற்றையும் கொட்டினார். கார்டு அழிந்தது, அலைந்தது, அந்தப் பெயர், அந்தக் கை. மன்னித்துவிடுங்கள் என்றார். அவர் என்மேல் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார்.

“வெளிச்சம் போயிடும் தம்பி. எடுத்துடுங்க” என்றாள் அக்கா.

மேற்குச் சுவரில் ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. சுண்ணாம்பு, ஓர் ஆணி ஓட்டை. நெற்றி உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம், யாரோ தினமும் முகத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்த மாதிரி. சின்ன மாப்பிள்ளை கேமராவைத் தூக்கி, வலது கண்ணை வைத்தார்.

இருட்டு.

லென்ஸ் மூடியை எடுக்க மறந்துவிட்டோம் என்று நினைத்தார். மூடி சட்டைப் பையில் இருந்தது.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

இருட்டு போகவில்லை.

இடது கண்ணில் அறை தெரிந்தது, வெயில் தெரிந்தது, கதவில் சாய்ந்து நிற்கும் அக்கா தெரிந்தாள். இடது கண்ணை மூடினார். இருட்டின் விளிம்பில் கோடுகோடாகச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. இமைமேல் கதகதப்பாக ஏதோ படிந்திருந்தது. கன்னத்தில் ஒரு சொரசொரப்பு. கிராம்பு வாசனை மூக்கை அடைத்தது.

கையால் தட்டிவிடப் பார்த்தார். தன் முகம்தான் தட்டுப்பட்டது.

அவர் கையில் தொங்கிய கேமரா, யாரும் தொடாமல், ஒருமுறை கிளிக் என்றது.

“அக்கா” என்றார். “என் கண்ணு முன்னாடி ஏதாவது தெரியுதா?”

டீ போடுகிறேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதைச் சொல்ல வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

அக்கா கதவை விட்டுக் கிட்டே வந்தாள். அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, நிதானமாகப் பார்த்தாள்.

“அவர் கை தம்பி” என்றாள். “எடுக்க மாட்டேங்கிறார்.”